பச்சைப்பிள்ளைகளின் எச்சில் கேட்டுப் போன வீடுகள்

“பச்சப்பிள்ள வாயில பஞ்சுக்குச்சிய விட்டுத் துழாவிட்டு வந்த கையால எனக்குச் சோறு போடுதியே, உனக்கே நல்லாருக்கா?”

கேட்டவர் என் வீட்டுக்காரர். தட்டை ஒற்றை விரலால் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். வேலையில் கையுறை போட்டுத்தான் தொடுவேன் என்றேன். வந்ததும் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன் என்றேன். வெற்றிலை போடுகிற வாய்க்கு இவ்வளவு ஆசாரம் ஆகாது என்றும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதற்காக மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய் எச்சில் கேட்பதுதான் எங்கள் தொழில். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வைரஸைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. முழுப் பெயர் வாயில் நுழையாது, நாங்கள் சி.எம்.வி. என்போம். ஊரில் பாதிக்கு மேல் ஆட்களுக்கு வந்து போயிருக்கும், வந்ததே தெரியாது. ஆனால் சூலியாக இருக்கும்போது தாய்க்கு வந்தால், சில சமயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போய்விடும். அப்படிப் போன பிள்ளைகளில் பலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்குக் காது போகும். பிறந்து மூன்று வாரத்துக்குள் எச்சிலை எடுத்துப் பார்த்தால்தான் வயிற்றிலேயே வந்ததா என்று சொல்ல முடியும். அதற்குப் பிறகு எடுத்தால், பிறந்தபின் யாரோ முத்தம் கொடுத்து வந்ததாகவும் இருக்கலாம்.

கான்வென்டில் படித்ததால் இங்கிலீஷ் ஃபாரம் நிரப்பத் தெரியும், இருபது வருஷம் குடும்பம் நடத்தியதால் பிள்ளை தூக்கத் தெரியும் என்று என்னைக் களப்பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். பொறுமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். மீட்டர் ரீடிங் எடுப்பவர்களே, சென்சஸுக்கு அலைந்த டீச்சர்களே, பாலிசி விற்பவர்களே, அடுத்தவர் வீட்டு நடையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நீங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

பால் குடித்து ஒரு மணி நேரம்

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பிள்ளை பால் குடித்து ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் குச்சியை வாய்க்குள் விட வேண்டும். தாய்ப்பாலிலும் அந்த வைரஸ் இருக்கலாம், அது கலந்தால் கணக்கு தப்பிவிடும். ஒரு மணி நேரம் என்பது காகிதத்தில் சின்ன விஷயம். முன்பின் தெரியாத வீட்டில், வேப்பிலை செருகிய நிலைக்கு இந்தப்பக்கம் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

மேலகரத்தில் ஒரு வீடு. போய் உட்கார்ந்து ஐம்பது நிமிஷம் ஆனது, உள்ளே பிள்ளை சிணுங்கியது, தாய் பால் கொடுத்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து கணக்கு. மறுபடி ஐம்பது நிமிஷம், மறுபடி சிணுங்கல். மூன்றாவது தடவை நான் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்ததுமே உள்ளே அழ ஆரம்பித்தது. நான் பார்த்தது அதற்கு எப்படித் தெரியும்? இடையில் ஒரு சுவர் இருக்கிறது.

வெளியே வந்த மாமியார் என்னைப் பார்க்கவில்லை. வாசல் வெயிலில் நீண்டு, நிலைப்படியைத் தாண்டி உள்ளே கிடந்த என் நிழலைத்தான் பார்த்தார். “கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. உங்க நெழலு உள்ள விழும்போதெல்லாம் பிள்ளைக்குத் தொண்ட வறளுது.”

பேரில்லாத குழாய்

எச்சில் எடுத்த குச்சியை ஒரு சின்னக் குழாயில் போட்டு மூட வேண்டும். குழாயின்மேல் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருடையது என்று பரிசோதிப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. இதை விளக்கினால் ஆட்களுக்கு நிம்மதி வரும் என்று பயிற்சியில் சொன்னார்கள். பயிற்சி கொடுத்தவர் சென்னைக்காரர்.

நம் பக்கத்தில் நகம், முடி, எச்சில் மூன்றையும் வெளியாள் கையில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் செய்வினைக்கு ஆகும். அதிலும் பச்சைப்பிள்ளையின் எச்சில். புளியறையில் லாரி ஓட்டும் ஒருவர் வீட்டில், குழாயை என் கையிலிருந்து வாங்கி, பிள்ளையின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் துப்புவது போலப் பாவனை செய்து, அப்புறம்தான் திருப்பிக் கொடுத்தார்கள். நல்லவேளை, பாவனையோடு நின்றது. இல்லாவிட்டால் யாருடைய வைரஸ் என்று ஆராய்ச்சியே தடுமாறியிருக்கும்.

நான் குழாயில் எண்ணை எழுதுவதை அந்த வீட்டு லாரிக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்குப் பெயர் விட்டாயிற்றா என்று பேச்சுக்குக் கேட்டேன். நிமிராமலே சொன்னார். “இன்னும் விடல. அதுக்கு முன்ன நீங்க நம்பர் விட்டுட்டியளே. இனி நாங்க கூப்புட்டா அது திரும்புமா?”

மகி தின்ற மிச்சம்

பார்வதியை நான் முதலில் பார்த்தது அவளுக்கு மூன்றாவது மாசம் நடக்கும்போது. சூலிகளையும் முன்கூட்டியே ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வோம். குற்றாலத்தில், அருவிக்குப் போகும் பாதையிலிருந்து விலகிய ஒரு சந்தில் அவளுடைய அண்ணன் வீடு. பெற்றோர் இல்லை. புருஷன் ராணுவத்தில், வடக்கே எங்கோ. மூத்த பிள்ளை மகிக்கு இரண்டரை வயது. பார்வதியையும் பிள்ளையையும் அண்ணன் பெண்டாட்டி சொர்ணம்தான் வைத்துத் தாங்கினாள். பார்வதி அவளை மதினி என்று கூப்பிடுவதில் பாதி அம்மா இருந்தது.

நான் ரத்தம் எடுக்கிற தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகி ஒரு அச்சுமுறுக்கைக் கடித்து, ஊறவைத்து, பாதியைத் தாயின் வாயில் திணித்தாள். பார்வதி யோசிக்காமல் மென்று விழுங்கினாள். நான் உடனே துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் படித்தேன். சின்னப்பிள்ளைகளின் எச்சிலிலும் மூத்திரத்திலும் இந்த வைரஸ் மாசக்கணக்கில் இருக்கும். சூலிகள் பிள்ளை தின்ற மிச்சத்தைத் தின்னக்கூடாது, உதட்டில் முத்தம் கொடுக்கக்கூடாது, துணி மாற்றினால் கை கழுவ வேண்டும். பார்வதி கேட்டுக்கொண்டே மகியின் வாயைத் தன் முந்தானையால் துடைத்து, அதே முந்தானையால் தன் வாயையும் துடைத்தாள்.

கடைசியில், சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்ற கேள்வி. போன மாசம் மூன்று நாள் உடம்பு வலியோடு லேசாக அடித்தது என்றாள் பார்வதி. நான் ஃபாரத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்தேன். அந்தச் சின்ன டிக்கை மதினி சொர்ணம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள். “பெத்த பிள்ள எச்சிலுக்கே பயப்படணும்னா, டீச்சர், பொறவு எந்தத் தைரியத்துல அடுத்ததச் சுமக்கச் சொல்லுதிய?”

நான் டீச்சர் இல்லை என்று அவளிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

வளையல்

வைகாசியில் வளைகாப்பு வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் விசேஷ வீட்டில் சாப்பிடலாமா என்று கையேட்டில் இல்லை, ஆகவே சாப்பிட்டேன். இரண்டு கைக்கும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அந்தச் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் வளையலே போடுகிறோம், இல்லையா. வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் பார்வதியின் கையைப் பிடித்து வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு பார்வதி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கையை வயிற்றின்மேல் வைத்து ஒரு தடவை ஆட்டினாள். காத்திருந்தாள். மறுபடி ஆட்டினாள். கையேட்டில் பார்க்கலாம் என்றால், அதில் வளையலைப் பற்றி ஒன்றும் இல்லை.

“மகி உள்ள இருக்கப்ப வளையல ஆட்டுனா ஒதைப்பா, எக்கா,” என்றாள் பார்வதி. “இது வளையலுக்கு அசையவே மாட்டேங்குது. நான் சிரிச்சா மட்டும் ஒதைக்குது.”

சேலைக்கு அந்தப்பக்கம்

ஆடி பிறந்த மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. ஆண். மூன்று கிலோ, நல்ல நிறம், ஒரு குறை சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் நான் குச்சியோடு போனேன். சாரல் காலம், அருவியில் தண்ணீர் கொட்டுகிறது. அந்தச் சந்தில் அருவிச் சத்தம் சுவரிலேயே இருக்கும். வீட்டுக்குள்ளும் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டும். நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அந்தப்பக்கம் தாயும் பிள்ளையும்.

சொர்ணம் திரைக்கு முன்னால் நின்றுகொண்டாள். “பதினாறு நாள் கழியல டீச்சர். வெளியாள் பிள்ளையத் தொடக்கூடாது.” பதினேழாம் நாள் நான் மறுபடி வந்திருக்கலாம். மூன்று வாரம் முடிய அப்போதும் நாள் இருக்கும். ஆனால் எச்சில் பெட்டியைப் பரிசோதனைக்காகத் திருநெல்வேலிக்கு ஏற்றிவிடுகிற பஸ் தென்காசியில் ஐந்து மணிக்கு. காத்திருந்ததில் மணி நாலேகால் ஆகியிருந்தது. சீசன் கூட்டத்தில் குற்றாலத்தைவிட்டு வெளியே வரவே அரை மணி நேரம் ஆகும். இன்னொரு நாள், இன்னொரு ஒரு மணி நேரம், இன்னொரு தடவை இந்தச் சந்து என்று நினைத்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. குச்சியை அவளிடம் நீட்டினேன். “நீங்களே எடுத்துத் தாங்க. கன்னத்து உள்பக்கமா ஒரு நிமிஷம் வைக்கணும்.” வீட்டு ஆட்களிடம் குச்சியைக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் முதல் விதி.

சேலைக்குப் பின்னால் போனாள். பிள்ளையின் வாய்க்குள் குச்சி போனால் எந்தப் பிள்ளையும் முகத்தைச் சுளித்து ஒரு சத்தமாவது கொடுக்கும். ஒரு சத்தமும் இல்லை. யாரோ குட்டிக் காலால் தரையில் நடந்ததுபோல ஒரு அசைவு. ஒரு நிமிஷம் ஆகும் முன்பே குச்சி என் கைக்கு வந்துவிட்டது. ஃபாரத்தில் ‘எடுத்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வெளியே வரும்போது, பிள்ளை அழவே இல்லையே என்றேன். சொர்ணம் சிரித்தாள். “நல்ல பிள்ள டீச்சர். இந்த சீசன் கூச்சல், வேட்டு, வண்டி ஆரன், ஒண்ணுக்கும் முழிக்க மாட்டான்.”

ரிசல்ட்

பத்தொன்பதாம் நாள் ரிசல்ட் வந்தது. இருக்கிறது என்று. இனிமேல் இரண்டே நாளில் பிள்ளையைக் கொண்டுவந்து மூத்திரத்தையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும், காதையும் பார்க்க வேண்டும், மருந்து தேவையா என்று டாக்டர் தீர்மானிக்க வேண்டும். நான் உடனே போன் அடித்தேன். சொர்ணம் எடுத்தாள்.

இந்தச் செய்தியைச் சொல்வது எப்படி என்று எங்களுக்குத் தனியாக ஒரு நாள் பயிற்சி. மறுமுனையில் அழுவார்கள், கோபப்படுவார்கள், நம்ப மறுப்பார்கள், அதற்கெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். நான் நிதானமாகச் சொல்லி முடித்தேன். அந்தப்பக்கம் அழுகை இல்லை. கோபம் இல்லை. அருவிச் சத்தம் மட்டும். அப்புறம் மெதுவாக ஒரு சிரிப்பு, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் சிரிப்பதுபோல.

ஆடி கழியட்டும், பார்ப்போம் என்றாள். ஆடி கழிகிற வரைக்கும் வைரஸ் காத்திருக்காது, இரண்டு நாள்தான் இருக்கிறது என்று நான் கத்தினேன். சொர்ணம் தன் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள். “அது எங்க பிள்ளைக்கு இருக்காது. எப்படித் தெரியும்னு கேக்காதிய. இருக்காது.”

கேட்காமல் திறந்த வாய்

மறுநாளும் அதற்கு மறுநாளும் போன் எடுக்கவில்லை. என்னை வேறு வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் நேரில் போய்ச் சேர்ந்தபோது இருபத்தைந்தாம் நாள். பார்வதி குளிக்கப் போயிருந்தாள். சொர்ணம் அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள், நெடி நடைவரைக்கும் வந்தது. நான் பெட்டியைத் திறந்து ஃபாரத்தை எடுத்தேன். மேலே பஞ்சுக்குச்சிகளின் உறை கிடந்தது.

மகி எங்கிருந்தோ ஓடி வந்து என் முழங்காலுக்கு முன்னால் நின்றாள். உறையைப் பார்த்தாள். தலையை அண்ணாந்தாள். கண்ணை இறுக்க மூடி, வாயை முடிந்தமட்டும் பெரிதாகத் திறந்து, அப்படியே நின்றாள். நான் வாயைத் திற என்று சொல்லவில்லை. கையை நீட்டவில்லை. உள்நாக்கு தெரிய அவள் அப்படி நின்றுகொண்டே இருந்தாள். கவுன் ஏறி, இடுப்பில் கறுப்புக் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து தெரிந்தது.

திரும்பினால், கரண்டியோடு சொர்ணம் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. நான் அவளைக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள், அதுவும் தப்புச் செய்தவள் குரலில் இல்லை. “தாயத்து கட்டுன பிள்ள எச்சிலத்தான் குடுத்தேன் டீச்சர். இவ எச்சில யாரு கொண்டுபோயி என்ன செஞ்சாலும் பலிக்காது. சின்னவனுக்கு இன்னும் கட்டலல்லா.”

டாக்டர்

இதை நான் டாக்டரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். குழாயில் எண் சரியாக இருக்கிறது, ஃபாரத்தில் கையெழுத்து சரியாக இருக்கிறது, யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் அப்படியே இருந்தேன். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். மூன்றாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன், நான் குச்சியைக் கொடுத்ததிலிருந்து மகி வாயைத் திறந்தது வரை.

எங்கள் டாக்டர் என்னைவிடச் சின்னவள், குரலை உயர்த்தாதவள். பேனாவால் மேஜையில் ஒரு கோடு போட்டாள். ஒரு முனை மகி, நடுவில் பார்வதி, மறுமுனை பிள்ளை. “பெரியவகிட்ட இருக்கு. அவகிட்டேருந்து அம்மாவுக்குப் போயிருக்கலாம். அம்மாவுக்கு அந்த மூணு நாள் காய்ச்சல் அதுவாவே இருக்கலாம். வயித்துக்குள்ளயும் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். மூணு வாரம் தாண்டிட்டதால வைரஸ் எப்ப வந்துதுன்னு இனி அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா காது கேக்குதா இல்லையான்னு எப்ப வேணும்னாலும் பாக்கலாம். இல்லைன்னா மெஷின் வைக்கலாம், பேச்சு வர வைக்கலாம். அதுக்குச் சீக்கிரம் வரணும். தள்ளிப்போட்டா பேச்சு போயிரும்.”

நான் எழுந்தேன். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே கதவு வரை வந்துவிட்டேன். கான்வென்டில் சிஸ்டர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், மாமியாரிடம் வாங்கியிருக்கிறேன், எதற்கும் பதில் இருக்கும். டாக்டர் ஃபாரத்திலிருந்து தலையை எடுக்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அன்னைக்கு அஞ்சு மணி பஸ்ஸப் பிடிச்சிட்டீங்களா?”

பேர் விட்ட நாள்

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் பிள்ளைக்குப் பேர் விட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். பார்வதியின் புருஷன் வீட்டார் கடையநல்லூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். புருஷனால் வர முடியவில்லை. போனில் அவன் முகம், சுவரோரம் ஒரு டம்ளரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சொர்ணம் என்னைப் பார்த்ததும் காப்பி டபராவைக் கீழே வைத்துவிட்டாள். புருஷன் வீட்டாருக்குக் குச்சி விஷயம் தெரிந்தால் அவள் கதி என்ன என்று எனக்குத் தெரியும். பெற்றவர்கள் இல்லாத நாத்தனாரை எட்டு வருஷம் வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள், ஒரே நாளில் பிள்ளைக்குக் கெடுதல் பண்ணியவள் ஆகிவிடுவாள்.

பிள்ளை தொட்டிலில் தூங்கினான். தகப்பனின் அக்கா, அத்தைக்காரி, அவன் காதில் பேர் சொல்ல வேண்டும். ஆதவன் என்று முடிவு செய்திருந்தார்கள். முழித்திருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, அத்தை தொட்டிலில் குனிந்து கூப்பிட்டாள். “ஏலே ஆதவா, எந்திரிலே.” பிள்ளை அசையவில்லை. அவள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அவளுடைய பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிட்டார்கள். வெளியே மேளக்காரர் பதம் பார்க்க ஒரு தட்டுத் தட்டினார், எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பிள்ளையின் இமைகூட ஆடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், கும்பகர்ணன் என்றார்கள்.

அப்போது மகி கூட்டத்துக்குள் கால்களுக்கிடையே புகுந்து வந்தாள். அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தாள். “கூப்புடக்கூடாது அத்த. ஊதணும்.” தொட்டிலின் ஓரத்தைப் பிடித்து எம்பி, தம்பியின் முகத்தில் மெதுவாக ஊதினாள். அவன் உடனே கண்ணைத் திறந்தான். பழகிய வேலை என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு மாசமாக அந்த வீட்டில் இவள் ஒருத்திக்குத்தான் அவனை எழுப்பத் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்து, கூப்பிட்டுப் பார்த்து, இதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். பார்வதி சிரிக்கவில்லை. சொர்ணமும் சிரிக்கவில்லை, மகியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை குனிந்து வலது காதில் மூன்று தடவை பேர் சொன்னாள். பிள்ளை அவளுடைய கம்மல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

நான் முன்னால் போனேன். மெதுவாகப் பேச வேண்டும் என்று வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தேன். “அன்னைக்கு நான் எச்சில் எடுத்தது சரியில்ல. அவசரப்பட்டேன். தப்பு என்னோடது, இந்த வீட்ல யார் தப்பும் இல்ல,” என்றேன். சொர்ணம் தலையைத் தூக்கினாள். “பழையத விடுங்க. வைரஸ விடுங்க. காத மட்டும் ஒரு தடவ பாத்திருவோம். ஊசி கெடையாது, மருந்து கெடையாது, தூங்குத பிள்ள காதுல சின்னதா ஒரு மெஷின வச்சு எடுக்கதுதான். தாயத்தக் கட்டியே தூக்கிட்டு வாங்க, நான் ஒண்ணும் சொல்லல. திங்கக்கிழம காலைல சந்து முனையில நான் ஆட்டோவோட நிக்கேன். நீ வா பார்வதி. இல்ல, மதினி, நீங்க கூட்டிட்டு வாங்க.”

பார்வதி மதினியைப் பார்த்தாள். மதினி அத்தையைப் பார்த்தாள். அத்தை, டம்ளரில் சாய்ந்திருந்த போனில் தன் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே உறைந்துபோயிருந்தது, சிக்னல் இல்லை. யாரோ அடுத்த பந்திக்கு இலை போடச் சொன்னார்கள். நான் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, அதையே கேட்டேன்.

வாயைத் திறக்க வைக்கத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்று பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள், பச்சைப்பிள்ளைகளைத்தான் சொல்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.